ப்ரொப்ரைட்டரா ப்ரொப்ரைட்ரிக்ஸா: இங்கிலீஷ்ல ஆம்பளைக்கு ஒரு பதவிப்பேர், பொம்பளைக்கு ஒரு பதவிப்பேர் வேணுமா?

போன மாசம் கடைக்கு ஒரு அக்கா வந்தாங்க, ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணும் விசிட்டிங் கார்டும் அடிக்கணும்னு. வீட்டுக்காரர் பேர்ல இருந்த துணிக்கடைய இப்ப தன் பேருக்கு மாத்தியிருக்காங்க. பழைய ஸ்டாம்ப்ல ப்ரொப்ரைட்டர்னு (ஓனர்னு அர்த்தம்) இருந்துச்சு. நான் பழக்கத்துல ப்ரொப்ரைட்ரிக்ஸ்னு டைப் அடிச்சேன், எங்க பக்கம் லேடீஸ் பேர்ல கடைன்னா பல பேர் அப்படித்தான் போட்டுக்கிறாங்க. அவங்க ஸ்க்ரீனப் பாத்துட்டு "அது என்ன தம்பி வேற வார்த்தையா இருக்கு, அவரு பாத்த அதே கடையத்தானே நானும் பாக்கறேன்?"னு கேட்டாங்க. லேடீஸ்னா அப்படித்தான்க்கா போடுவாங்கன்னு சொன்னேன், சொல்லும்போதே அது ஒரு பதிலே இல்லைன்னு எனக்கே தெரிஞ்சது.

பல வருஷமா டிடிபி வேலை பாக்கறேன், ஊர்ல பாதிப் பேரோட பதவி என் கீபோர்டு வழியாத்தான் போயிருக்கு, ஆனா இத ஒருநாளும் உக்காந்து யோசிச்சதில்ல. அதுக்கப்புறம் தேடிப் படிச்சு, எது நல்லதுன்னு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அதத்தான் எழுதறேன், கார்டு அடிக்கறவங்களுக்கும் வேலை விளம்பரம் எழுதறவங்களுக்கும் உதவும்.

இங்கிலீஷ்ல நமக்கு இருக்கற வழி நாலு. ஒண்ணு, ஆக்டர் ஆக்ட்ரஸ் மாதிரி ஜோடி வார்த்தை. ரெண்டு, வேலைப்பேருக்கு முன்னாடி லேடி, உமன், மேல்னு ஒட்டு வைக்கறது. மூணு, சேர்மேன் லைன்மேன் மாதிரி மேன்ல முடியற பழைய வார்த்தையவே எல்லாருக்கும் போடறது. நாலு, ஃபயர்ஃபைட்டர் மாதிரி ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம பொதுவா ஒரு வார்த்தை.

ஜோடி வார்த்தையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுலதான் கதை அதிகம். ஃப்ரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் மேஜை நாற்காலிக்குக்கூட ஆண்பால் பெண்பால் உண்டு, அதனால வேலைப்பேருக்கும் வேண்டியிருக்கு. இங்கிலீஷ்ல அந்த இலக்கணம் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே உதிர்ந்துபோச்சு. டாக்டர், டீச்சர், லாயர், ஃபார்மர், குக், இதுல எதுலயும் ஆணா பெண்ணான்னு இல்ல. அதனால ஆக்ட்ரஸ்ல வர்ற எஸ் (ess), ப்ரொப்ரைட்ரிக்ஸ்ல வர்ற ட்ரிக்ஸ் (trix), இந்த வாலெல்லாம் அந்த மொழிக்கு இலக்கணத்தால வந்த கட்டாயம் இல்ல, மனுசங்களா ஒட்டவெச்சது. எஸ் ஃப்ரெஞ்சு வழியா வந்துச்சு, ட்ரிக்ஸ் லத்தீன்ல இருந்து.

அதுக்கும் முன்னாடி பழைய இங்கிலீஷ்ல பெண்ணுக்குன்னு ஸ்டர்னு ஒரு வால் இருந்திருக்கு. துணி நெய்யற பொம்பள வெப்ஸ்டர், ரொட்டி சுடறவ பேக்ஸ்டர், பீர் காய்ச்சறவ ப்ரூஸ்டர், நூல் நூக்கறவ ஸ்பின்ஸ்டர். நாம டிக்ஷனரில பாக்கற அந்த வெப்ஸ்டர்ங்கற பேரே நெசவுக்காரியில இருந்து வந்ததுதான். போகப் போக இந்த வேலையெல்லாம் ஆம்பளைங்களும் செய்ய, ஸ்டர்ங்கறது பெண்ணைக் குறிக்குதுங்கறதே மறந்துபோச்சு. அப்புறம் என்ன பண்ணினாங்க, தையல் வேலை பாக்கற பொண்ணுக்கு சீம்ஸ்டர் போதலன்னு அதுமேல இன்னொரு எஸ்ஸ ஒட்டி சீம்ஸ்ட்ரஸ் ஆக்கினாங்க, ஒரே வார்த்தைல ரெண்டு பெண்பால் வால்.

ஸ்பின்ஸ்டருக்கு ஆன கதிதான் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ராட்டையில உக்காந்து சம்பாதிச்ச பொண்ணோட தொழில்பேர் அது, 17ஆம் நூற்றாண்டுல கல்யாணம் ஆகாத பொண்ணுங்கற சட்டப்பேர் ஆகி, அப்புறம் வயசாகியும் கட்டிக் குடுக்காதவங்கற ஏச்சு மாதிரி ஆயிடுச்சு. இங்கிலாந்து கல்யாணப் பதிவேட்டுல 2005 கடைசி வரைக்கும் அந்த வார்த்தை இருந்துச்சு, அப்புறம்தான் சிங்கிள்னு மாத்தினாங்க. தொழில் போச்சு, வார்த்தை மட்டும் கல்யாணத்தக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

இது ஒரு வார்த்தைக்கு மட்டும் நடந்ததில்ல. கவர்னர்னா ஒரு மாநிலத்துக்கே தலைவர், கவர்னஸ்னா பணக்கார வீட்டுப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர்ற சம்பளக்காரி. மாஸ்டர்னா ஒரு விஷயத்துல கரைகண்டவர், மிஸ்ட்ரஸ்னா பள்ளிக்கூடத்துக்கு வெளிய என்ன அர்த்தத்துல சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். போயட்டஸ்னா ஏதோ பொழுதுபோகாம எழுதற பொண்ணுங்கற தொனி. மேனேஜரஸ்னு இங்கிலாந்துல கடைகள்ல போட்டாங்க, அது சின்னக் கடையப் பாத்துக்கற பொண்ணு, ஒரு பேங்க்குக்கு மேனேஜரஸ்னு நினைச்சுப் பாருங்க, வாயில வராது. அதாவது ஜோடின்னு பேரே தவிர ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கறதில்ல. இதுதான் ஜோடி வார்த்தை மேல என்னோட பெரிய புகார்.

இன்னொண்ணும் கவனிச்சேன். பெண்கள் நிஜமா ஒரு தொழிலுக்குள்ள போய் நிலைச்ச பிறகு அந்தத் தனி வார்த்தை தானா உதிர்ந்துடுது. எலிசபெத் ப்ளாக்வெல் அமெரிக்காவுல 1849ல மருத்துவம் படிச்சு பட்டம் வாங்கின காலத்துல டாக்ட்ரஸ்ங்கற வார்த்தை புழக்கத்துல இருந்துச்சு. விமானம் ஓட்டின அமெலியா ஏர்ஹார்ட்ட ஏவியேட்ரிக்ஸ்னு எழுதினாங்க. இன்னைக்கு டாக்டர், பைலட், அவ்வளவுதான். யாருக்கும் எந்தக் குழப்பமும் வரல.

ரெண்டாவது வழி, ஒட்டு வைக்கறது. லேடி டாக்டர், உமன் போலீஸ், மேல் நர்ஸ். இது இருக்கறதுலயே மோசம்னு நினைக்கறேன், ஏன்னா இது சொல்லாம ஒண்ணு சொல்லுது, அந்த வேலை உண்மையில இன்னொருத்தரோடது, இவங்க வந்து சேந்தவங்கன்னு. லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ்ல பெண் கான்ஸ்டபிளுக்கு டபிள்யூபிசின்னு முன்னாடி ஒரு டபிள்யூ இருந்துச்சு, 1999ல எடுத்துட்டாங்க. நியூயார்க்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே 1973ல போலீஸ்மேன் போலீஸ்உமன் ரெண்டையும் சேத்து போலீஸ் ஆஃபீசர்னு ஒரே பதவி ஆக்கிட்டாங்க. மேல் நர்ஸ்னு போடறதும் இதே தப்புதான், அங்க அடிவாங்கறது ஆம்பள, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா நம்ம ஊர் லேடீஸ் டெய்லர் இதுல சேராது. அது தைக்கறவர் ஆணா பெண்ணான்னு சொல்லல, யாருக்குத் தைக்கறாங்கன்னு சொல்லுது. எனக்கு கார்டு அடிக்க வர்ற லேடீஸ் டெய்லர்ல நிறையப் பேர் ஆம்பளைங்க. இங்கிலீஷ்ல மிட்வைஃப்ங்கறதும் அந்த மாதிரிதான், மிட்னா கூடன்னு அர்த்தம், வைஃப்னா பழைய இங்கிலீஷ்ல பொம்பள, அதாவது பிரசவிக்கற பொண்ணு கூட இருக்கறவர். அந்த வேலைய ஒரு ஆம்பள செஞ்சாலும் பேர் அப்படியே பொருந்தும். ஒரு வார்த்தைல பொம்பளன்னு வந்தாலே தப்புன்னு கத்திரி எடுத்துட்டு கிளம்பக்கூடாது, அது யாரைச் சொல்லுதுன்னு பாக்கணும்.

மூணாவது, மேன். இதுக்கு ஆதரவா பேசறவங்க சொல்ற வாதம் உண்மையான வாதம்தான். பழைய இங்கிலீஷ்ல மேன்னா வெறும் மனுசன்னு பொது அர்த்தம், ஆணுக்கு வெர், பெண்ணுக்கு விஃப்னு தனி வார்த்தை இருந்துச்சு, உமன்ங்கறதே விஃப்மன்ல இருந்து வந்துச்சு. நம்ம சட்டத்துலயும் 1897ஆம் வருஷ ஜெனரல் க்ளாஸஸ் ஆக்ட் 13ஆவது பிரிவுல ஆண்பால்ல எழுதினா பெண்ணும் அதுல அடக்கம்னு இருக்கு. ராஜ்யசபால வயலட் ஆல்வாவும் நஜ்மா ஹெப்துல்லாவும் டெபுடி சேர்மேன்ங்கற பேர்லயேதான் இருந்தாங்க. அப்ப பேர்ல என்ன இருக்கு, விட்டுடலாமேன்னு எனக்கும் கொஞ்ச நாள் தோணுச்சு.

அந்த எண்ணத்த மாத்தினது ஒரு ஆராய்ச்சி. அமெரிக்காவுல சாண்ட்ரா பெம், டேரில் பெம்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட், ஏடி அண்ட் டி டெலிஃபோன் கம்பெனி வேலை விளம்பரத்த எடுத்துக்கிட்டாங்க, 1973ல வெளியாச்சு. ஹைஸ்கூல் கடைசி வருஷப் பசங்க பொண்ணுங்ககிட்ட மூணு விதமா எழுதின விளம்பரத்தக் குடுத்து இந்த வேலை உனக்குப் புடிக்குமான்னு கேட்டிருக்காங்க. லைன்மேன் வேணும்னு ஆம்பளைக்கே எழுதின மாதிரி இருந்த பழைய விளம்பரத்தப் பாத்துட்டு ஆர்வம் காட்டின பொண்ணுங்க 5 சதவீதம். அதையே பொதுவான வார்த்தையில மாத்தி எழுதிக் குடுத்தா 25 சதவீதம். அதே கம்பம், அதே கம்பி, அதே சம்பளம். டெலிஃபோன் ஆபரேட்டர் மாதிரி பொண்ணுங்களுக்குன்னே எழுதின விளம்பரத்த பொதுவா மாத்தினதும் ஆர்வம் காட்டின பசங்க 30ல இருந்து 75 சதவீதம் ஆயிட்டாங்க. சட்டத்துல பெண்ணும் அடக்கம்னு எழுதி வெச்சிருக்கலாம், விளம்பரத்தப் படிக்கற பொண்ணுக்கு இது எனக்கில்லைன்னு தோணிடுச்சுன்னா அந்தச் சட்டம் யாருக்கு உதவுது?

எனக்கு இது நேர்ல நடந்தத ஞாபகப்படுத்துச்சு. ஒரு கடைக்காக சேல்ஸ்மேன் தேவைன்னு இங்கிலீஷ்ல நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு பொண்ணுங்க என் கடைக்கே வந்து "அண்ணா, லேடீஸ் எடுப்பாங்களா?"னு கேட்டாங்க. முதலாளிக்கு யாரா இருந்தாலும் சரிதான், நான் போட்ட வார்த்தைதான் அவங்கள வாசல்ல நிக்கவெச்சுச்சு. கேட்டவங்க ரெண்டு பேர், கேக்காமலே போனவங்க எத்தன பேர்னு யாருக்குத் தெரியும். பிரிட்டன்ல இதுக்குச் சட்டமே போட்டாங்க, 1975ஆம் வருஷ செக்ஸ் டிஸ்க்ரிமினேஷன் ஆக்ட்ல வெய்ட்டர், சேல்ஸ்கேர்ள், போஸ்ட்மேன், ஸ்டூவர்டஸ்னு நாலு வார்த்தைய எடுத்துக்காட்டாவே சொல்லி, இப்படி விளம்பரம் குடுத்துட்டு வேற மாதிரி விளக்கம் போடலன்னா பாகுபாடு காட்டற நோக்கம்னே எடுத்துக்குவோம்னு எழுதிட்டாங்க.

இப்ப நாலாவது வழி, பொது வார்த்தை. இதுக்கு நல்ல எடுத்துக்காட்டு விமானத்துல வர்றவங்கதான். எல்லன் சர்ச்னு ஒரு நர்ஸ், விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டவங்க, பைலட் வேலை கேட்டாங்க, குடுக்கல, அப்ப நர்ஸுங்கள கேபின்ல வேலைக்கு வைங்கன்னு யோசனை சொல்லி 1930ல முதல் ஸ்டூவர்டஸா போனாங்க. அதுக்கப்புறம் அது பொண்ணுங்க வேலைன்னே ஆகி, ஆம்பளைக்குக் கதவு சாத்தியாச்சு. செலியோ டயஸ்னு ஒருத்தர் பான் ஆம் கம்பெனி தன்ன எடுக்கலன்னு கேஸ் போட்டு 1971ல அப்பீல் கோர்ட்டுல ஜெயிச்சார். ஆம்பளைங்களும் உள்ள வந்தாச்சு, இப்ப ஸ்டூவர்டஸ்னா சரிவருமா, ஃப்ளைட் அட்டெண்டன்ட்ங்கற பேர் எல்லா இடத்துலயும் பரவிடுச்சு. இந்தப் பேர்ல இன்னொரு நல்லதும் இருக்கு, ஹோஸ்டஸ்னா விருந்தாளிய உபசரிக்கற வீட்டுக்காரம்மா, அட்டெண்டன்ட்னா டியூட்டி பாக்கறவங்க. அவசரத்துல கதவத் தொறந்து அத்தன பேரையும் வெளிய இறக்கிவிடற பொறுப்பு அவங்களோடதுங்கறது இந்தப் பேருக்குத்தான் ஒட்டுது.

கிரிக்கெட்லயும் அப்படித்தான், 2021 செப்டம்பர்ல கிரிக்கெட் விதிகள எழுதற எம்சிசி க்ளப் பேட்ஸ்மேன எடுத்துட்டு பேட்டர்னு விதியில மாத்தினாங்க, அப்ப காது வலிக்குதுன்னு சொன்னவங்க நிறைய. ஆனா பௌலர், ஃபீல்டர், கீப்பர் எல்லாம் அதுக்கு முன்னாடியே பொதுவாத்தானே இருந்துச்சு, பேட் புடிக்கறவர் மட்டும்தான் வேற மாதிரி இருந்தார். நம்ம ரயில்வேலயும் கேங்மேன் ட்ராக்மேன் ஆகி இப்ப ட்ராக் மெயின்டெய்னர் ஆயாச்சு, தண்டவாளத்துல சுத்தியல் புடிச்ச பெண்களும் இருக்காங்க, அந்தப் பேர் அவங்களுக்கும் சரியா உக்காருது.

பொது வார்த்தையிலயும் ஓட்டை இருக்கு, மறைக்க விரும்பல. சேர்பர்சன்னு கண்டுபுடிச்சாங்க, ஆனா பல இடத்துல ஆம்பள வந்தா சேர்மேன், பொம்பள வந்தா மட்டும் சேர்பர்சன்னு போட்டு, அதுவே இன்னொரு ஜோடி வார்த்தையா ஆயிடுச்சு. இதுக்கு வெறும் சேர்னு போடறதே தேவலை, 17ஆம் நூற்றாண்டுலயே அப்படிச் சொல்லியிருக்காங்க. இன்னொண்ணு, வார்த்தை பொதுவா இருந்தாலும் நாம அத பொதுவா வெச்சிருக்கறதில்ல. டீச்சர்ங்கறது இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும். நம்ம பள்ளிக்கூடத்துல டீச்சர்னா பொம்பள, ஆம்பளைன்னா சார், சின்னப் புள்ளையக் கேட்டாலும் பிரிச்சுச் சொல்லிடும். அதே பள்ளிக்கூடத்துலதான் ஹெட்மாஸ்டர் ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டையும் சுருக்கி ஹெச்எம்னு ஒரே பேர்ல கூப்புடறோம், யாரும் திட்டம் போட்டு செய்யல, தானா வந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச தீர்வு அது.

அப்ப ஜோடி வார்த்தை எங்கயுமே வேண்டாமா? இங்கதான் நான் கொஞ்சம் தயங்கறேன். முதல்ல ஜெர்மனி. 2005ல அங்கேலா மெர்கல் சான்சலர் பதவிக்கு, நம்ம பிரதமர் மாதிரி, வந்தப்ப புண்டஸ்கான்ஸ்லரின்னு பெண்பால்ல சொன்னாங்க, அந்த வருஷத்தோட வார்த்தையாவே அதத் தேர்ந்தெடுத்தாங்க. ஃப்ரெஞ்சு மொழிக்கு எது சரின்னு சொல்ற ஃப்ரெஞ்சு அகாடமி பல வருஷம் முரண்டு புடிச்சு 2019ல பெண்பால் பதவிப்பேர ஏத்துக்கிட்டாங்க. அங்க பெண்ணுன்னு தெரியவைக்கறதுதான் முன்னேற்றம், இங்கிலீஷ்ல தெரியாம வைக்கறது முன்னேற்றம். ரெண்டும் சரிதான், ஏன்னா அந்த மொழிகள்ல பொதுவா சொல்ல இடம் ரொம்பக் கம்மி, இங்கிலீஷ்ல இருக்கு. நம்ம தமிழ்லயும் ஆசிரியை நடிகைன்னு ஒரு பக்கம், மருத்துவர் ஓட்டுநர் எழுத்தாளர்னு இன்னொரு பக்கம், மரியாதைக்குப் போடற அந்த 'ர்' யாருக்கும் பொருந்திடுது.

ரெண்டாவது, விருது. பிரிட்டன்ல வர்ற கார்டியன் பத்திரிகை நடிக்கற எல்லாரையும் ஆக்டர்னே எழுதுது. அமெரிக்க நடிகர் சங்கம் தர்ற விருதுல ஃபீமேல் ஆக்டர்னு போடறாங்க. பெர்லின் திரைப்பட விழா 2021ல ஆண் பெண் பிரிவையே எடுத்துட்டாங்க. ஆஸ்கர்ல 1929ல இருந்து ஆக்ட்ரஸ்ங்கற பேர விடல. பிரிவ எடுத்தா என்ன ஆகும்னு பிரிட் இசை விருதுல பாத்தாச்சு, 2022ல ஒண்ணாக்கினாங்க, அடுத்த வருஷமே சிறந்த கலைஞர் பட்டியல்ல அஞ்சு பேரும் ஆம்பளைங்க, அப்புறம் 2024க்கு பட்டியலப் பத்து பேரா நீட்டினாங்க. இத வெச்சு எனக்குத் தோணறது, போட்டியில ரெண்டு இடம் வைக்கறது வேற, தொழிலுக்கு ரெண்டு பேர் வைக்கறது வேற. பெண்களுக்குத் தனி விருது இருக்கட்டும், அதுக்காக தினமும் நடிக்கற வேலைக்குத் தனிப்பேர் தேவையில்ல.

மூணாவதுதான் என்ன ரொம்ப யோசிக்க வெச்சது. அந்த பெம் ஆராய்ச்சில மூணாவது விளம்பரமும் ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுல லைன்உமன்னு போட்டு வெளிவேலை பாக்கற பொண்ணுங்க வேணும்னு நேராவே கூப்பிட்டிருக்காங்க. ஆர்வம் காட்டின பொண்ணுங்க 45 சதவீதம், பொது வார்த்தைய விட அதிகம். அப்ப காலகாலமா சாத்தியிருந்த கதவுக்குப் பொது வார்த்தை மட்டும் போதல, பேர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டியிருக்கு. அதனால நான் இப்ப நோட்டீஸ்ல பதவிய பொதுவாப் போட்டுட்டு, கீழ தனி வரியில பெண்களும் விண்ணப்பிக்கலாம்னு பெரிய எழுத்துல போடச் சொல்றேன். பதவி எல்லாருக்கும் ஒண்ணு, அழைப்பு மட்டும் தேவைப்படறவங்களுக்குக் கூடுதலா. ஆஸ்பத்திரி போர்டுக்கும் இதேதான், பெண் டாக்டர்கிட்டதான் காட்டுவேன்னு வர்றவங்களுக்கு அந்தத் தகவல் நிச்சயம் வேணும், அத பெண் மருத்துவர் பாக்கற நேரம்னு ஒரு வரியாப் போடலாம், டாக்டர் பட்டத்துக்கு முன்னாடி லேடின்னு ஒட்டவேண்டியதில்ல.

அதனால என் கடையில இப்ப சேல்ஸ்மேனுக்கு சேல்ஸ் ஸ்டாஃப், வாட்ச்மேனுக்கு செக்யூரிட்டி, ஏர் ஹோஸ்டஸ் கோர்ஸ்னு வர்ற நோட்டீஸுக்கு கேபின் க்ரூன்னு நானே சொல்லிப் பாக்கறேன். பாதிப் பேர் சரிங்கறாங்க, பாதிப் பேர் இருக்கறதப் போடுப்பாங்கறாங்க. ஒரு அம்மா, உள்ளாட்சியில ஜெயிச்சவங்க, சேர்பர்சன்னு அடிச்சுக் காட்டினதுக்கு "எனக்கு முன்னாடி இருந்தவருக்கு என்ன போட்ட, அதையே போடு"ன்னு சொல்லிட்டாங்க. சேர்மேன்னே போட்டேன். அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு, அவருக்குக் கிடைச்ச அதே பேர், ஒரு எழுத்து கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். வேலை விளம்பரம்னா நான் விடமாட்டேன், அது இன்னும் வராதவங்களுக்கானது. சொந்தக் கார்டுன்னா அவங்க பேர் அவங்க இஷ்டம்.

துணிக்கடை அக்காவுக்கு மறுநாள் ஃபோன் பண்ணி, ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்ல ப்ரொப்ரைட்டர்ஷிப்னுதான்க்கா இருக்கும், சட்டப்படி ப்ரொப்ரைட்டர்னு போட்டா பெண்ணும் அதுல வந்துடும், ரெண்டுல எது வேணும்னாலும் போட்டுக்கலாம்னு சொன்னேன். "அவரு போட்டிருந்ததே இருக்கட்டும் தம்பி, பேர மட்டும் மாத்து"ன்னாங்க. அப்படியே மாத்திக் குடுத்தேன்.